நீல நோட்டும் நம்ம பேஜும்

ஜூன் 7, 2010. திங்கள்.

மழை இல்லை. வானம் கறுத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டது. லாலாகுடா முழுக்கப் புழுக்கம்.

செய்ய வேண்டியவை: கேஸ் புக் பண்ண. வீட்டுக்காரர் வின்சென்ட்டுக்கு பி.பி. மாத்திரை. குடைக்கு ஒரு கம்பி போடணும்.

இன்று முதல் ‘நம்ம பேஜ்’ ஓடுகிறது. எனக்குத்தான் தெரியும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று. இணைய கனெக்‌ஷன் கொடுக்கிற கம்பெனியில் ஏழு வருஷமாகக் கஸ்டமர் போன் எடுக்கிறேன். பாதிப் பேர் முகவரியைத் தப்பாக டைப் பண்ணிவிட்டு, “உங்க நெட் வேலை செய்யலை” என்று சண்டைக்கு வருவார்கள். ஒரு எழுத்து விட்டிருப்பார்கள், ஒரு புள்ளி கூடப் போட்டிருப்பார்கள். அதையெல்லாம் ஒரு நீல நோட்டில் எழுதி வந்தேன். முதல் பத்தியில் அவர்கள் டைப் பண்ணியது, இரண்டாவதில் போக நினைத்த இடம், மூன்றாவதில் என் குறிப்பு, தமிழில்.

பிப்ரவரியில் அந்த நோட்டைக் கதிரேசனிடம் கொடுத்தேன். நெட்வொர்க்கில் இருப்பவன், திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. தப்பாக டைப் பண்ணினால் ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்று முகத்தில் அடிக்காமல், ‘இதையா தேடினீர்கள்?’ என்று சரியான முகவரியைக் காட்டலாமே என்றேன். மார்ச்சில் ஒரு மாதிரி செய்து காட்டினான். வெள்ளைப் பக்கம், மூன்றே வரி. அழகாக இருந்தது.

இன்று அதைப் பற்றி நான்கு போன் கால். மல்காஜ்கிரி பெரியவர் ஒருவர் வைரஸ் என்று பயந்துவிட்டார். நம்ம பேஜ்தான் சார், பயப்படாதீங்க என்றேன். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை. இருக்கட்டுமே.

ஜூன் 8. செவ்வாய்.

மிருகசிரா. இன்றைக்கு மீன் சாப்பிட்டால் நல்லது என்று இந்தத் தெலுங்கு ஊரே மீன் வாங்க நிற்கிறது. வின்சென்ட் இரண்டு கிலோ கொரமீன், நம்ம விரால்தான், கொண்டுவந்து நீட்டினார், சுத்தம் பண்ணாமல். சாயங்காலம் ஒரு தூறல்.

குழம்பில் பாதியை மௌலாலிக்கு அனிதா வீட்டுக்கு எடுத்துப் போனேன். என் கடைசித் தங்கை. எனக்கும் அவளுக்கும் பதினோரு வயசு இடைவெளி, நான் தூக்கி வளர்த்தவள். தனியார் நர்சிங் ஹோமில் நர்ஸ், பத்து வருஷமாக நைட் டியூட்டி. அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் வேலைக்கு இப்போதுதான் அறிவிப்பு வந்திருக்கிறது. ஆன்லைனில்தான் விண்ணப்பம். வியாழக்கிழமை கடைசி. அவளுக்கு ஆகஸ்டில் வயது வரம்பு தாண்டிவிடும், ஆகவே இதுதான் கடைசி வாய்ப்பு. மாப்பிள்ளை வேலை பார்க்கிற மல்லாபூர் ஃபேக்டரியில் ஒரு ஷிப்டை நிறுத்திவிட்டார்களாம். அவள் அதைச் சொல்லிவிட்டு உடனே மீன் முள் பற்றிப் பேசினாள்.

சர்டிபிகேட் ஸ்கேன் இன்னும் ஆகவில்லை. இன்றைக்கே செய் என்றேன். “ஹவ் அக்கா, செய்யறேன்” என்று இந்த ஊர்க்காரி மாதிரி ஆமாம் போட்டாள். செய்ய மாட்டாள்.

அவள் வீட்டு நெட் எங்கள் கம்பெனியுடையதுதான். நான் சொல்லி வாங்கியது. எங்கள் சர்ச்சில் மட்டும் பதினாறு குடும்பம் என் வாய் வார்த்தைக்கு வாங்கியது.

ஜூன் 10. வியாழன்.

நல்ல மழை. ஆபீஸுக்கு நனைந்துகொண்டே. குடை இன்னும் அப்படியே.

மூன்று மணிக்கு அனிதா. நான் நினைத்தபடி கடைசி நாளில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் சின்னவன் அழுகிறான். “அக்கா, உங்க கம்பெனி பேர் போட்டு ஒரு பேஜ் வருது. மேலேயே நர்ஸ் அப்ளிகேஷன்னு இருக்கு. அதுல போகலாமா?”

எனக்கு லைனில் மூன்று கால் காத்திருந்தது. “அது நம்ம பேஜ்தான். தைரியமா போ” என்றேன்.

நாலரைக்கு மெசேஜ்: முடிஞ்சது அக்கா, நம்பர் வந்துடுச்சு, தேங்க்ஸ்.

அப்பாடா. கதிருக்கும் சொன்னேன், உன் பேஜ் என் தங்கைக்கு உதவியது என்று. தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனான். சாப்பாட்டு டப்பாவைக்கூட முடிக்கவில்லை. வயிறு சரியில்லையோ என்னவோ. நாளைக்கு ரசம் கொண்டுபோக வேண்டும்.

ஜூன் 12. சனி.

துணி காயவில்லை. வீடெல்லாம் ஈர வாடை.

அனிதா போன். அமீர்பேட்டிலிருந்து ஒரு ‘வழிகாட்டி மையம்’ அவளைக் கூப்பிட்டதாம். பயிற்சியில் எப்போது சேருகிறீர்கள் என்று கேட்டதாம். “எந்தப் பயிற்சி, நக்கோ, வேண்டாம்” என்று வைத்துவிட்டாளாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவர்களுக்கு எப்படி உன் நம்பர் தெரியும் என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

அந்தப் பேஜில் என்னதான் வந்தது என்று நாளைக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஜூன் 13. ஞாயிறு.

பூசை முடிந்ததும் நேராக மௌலாலி. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அன்றைக்கு அவள் டைப் பண்ணிய மாதிரியே ஒரு எழுத்தை விட்டு டைப் பண்ணச் சொன்னேன்.

வந்தது. எங்கள் கம்பெனி பெயர், எங்கள் நிறம். மேலே ‘அரசு நர்ஸ் விண்ணப்பம்’ என்று பெரிய எழுத்தில் ஒன்று, அதன் கீழே இரண்டு கோச்சிங் சென்டர், ஒரு வெளிநாட்டு வேலை ஏஜென்ட். எல்லாம் விளம்பரம். மூலையில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ‘ஸ்பான்சர்’ என்று இருக்கிறது. சரியான முகவரியைக் காணோம். கீழே வரை தள்ளிப் பார்த்தேன், அடுத்த பக்கமும் பார்த்தேன். எங்கேயும் இல்லை.

மார்ச்சில் நான் பார்த்த மூன்று வரி இது இல்லை.

பிறகு சரியான முகவரிக்கே போய் அவள் நம்பரைப் போட்டோம். அப்படி ஒரு விண்ணப்பமே இல்லை என்றது. மூன்று தரம் போட்டோம். அவள் விவரம் எல்லாம் நிரப்பியது அமீர்பேட் மையத்தின் பாரத்தில்.

அனிதா அழவில்லை. சின்னவன் தலையில் எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தாள். “நீ சொன்னதாலேதான்க்கா அழுத்தினேன்” என்றாள். குற்றம் சொல்கிற குரலில்கூட இல்லை. திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து என் கம்ப்யூட்டரில் அதே மாதிரி டைப் பண்ணிப் பார்த்தேன். ‘பக்கம் கிடைக்கவில்லை.’ பழையபடி. என் வீட்டில் மட்டும் வரவில்லை.

ஜூன் 14. திங்கள்.

மழையா வெயிலா, பார்க்கவில்லை.

ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் வரவில்லை. கதிரைத் தேடிப் போனேன். சர்வர் ரூமில் இருந்தான். ஏ.சி. சத்தத்தில் கத்த வேண்டியிருந்தது, அதுவும் நல்லதாகப் போயிற்று. என் வீட்டில் ஏன் வரவில்லை என்றுதான் முதலில் கேட்டேன்.

“ஸ்டாஃப் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் வராத மாரி நான்தான்க்கா வச்சேன். உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்னுதான்” என்றான்.

தொந்தரவு என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது. ஊருக்குக் கொடுத்ததை எங்களுக்கு மட்டும் தராமல் வைத்திருக்கிறான். அதை எனக்குச் செய்த உபகாரம் மாதிரி சொல்கிறான்.

அனிதா விஷயத்தைச் சொன்னேன். முகம் வெளுத்தது. நோட்டை மேனேஜர்தான் வாங்கிக்கொண்டு போனார், எந்தப் பெயருக்கு எந்த விளம்பரம் என்பதெல்லாம் அவர் முடிவு, தான் அவர் சொன்ன இடத்தில் ஒயரைச் செருகியவன் மட்டும்தான் என்றான். “சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா.” கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

ஆறு வருஷத்துக்கு முன் அமீர்பேட் ஹாஸ்டலில் மஞ்சள் காமாலையோடு கிடந்தவன். இரண்டு வாரம் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நம்பினேன். முழுசாக இல்லை, முக்கால்வாசி.

மேனேஜரிடம் போனதில் பிரயோசனமில்லை. எல்லாக் கம்பெனியும் செய்கிறது, யாரையும் அழுத்தச் சொல்லி நாம் கட்டாயப்படுத்தவில்லை, கஸ்டமரின் கை தவறினால் நாம் என்ன செய்ய முடியும் என்றார். இனிமேல் போனில் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தார். ‘இது தங்கள் வசதிக்காக.’ நோட்டைத் திருப்பிக் கேட்டேன். தேடித் தருகிறேன் என்றார்.

ஜூன் 16. புதன்.

லீவு போட்டுவிட்டு அனிதாவோடு நர்ஸ் வேலை ஆபீஸுக்கு. இரண்டு ஆட்டோ, ஒரு பஸ். முட்டியளவு தண்ணீரில் அவள் செருப்பு அறுந்துபோனது.

கவுன்ட்டரில் இருந்த அம்மாள் நல்லவள்தான். முழுக்கக் கேட்டாள். எங்கள் கம்பெனி பேஜை நான் பிரிண்ட் எடுத்துப் போயிருந்தேன், அதையும் புரட்டிப் பார்த்தாள். “டேட் அயிப்போயிந்தி அம்மா, நா சேத்துலோ ஏமி லேது” என்றாள். தேதி முடிந்துவிட்டது, அவள் கையில் ஒன்றுமில்லை. அடுத்த தரம் பாருங்கள் என்றாள். அடுத்த தரம் என்பது அனிதாவுக்கு இல்லை.

திரும்பும்போது அனிதா ஒரு காலில் செருப்போடு நடந்தாள். புதுசு வாங்கலாம் என்றேன். ‘கைக்கு அக்கா’, எதற்கு, வீட்டில் தைத்துக்கொள்ளலாம் என்றாள். அவள் சிக்கனமாகப் பேசினால் எனக்குத் தாங்காது.

ஜூன் 17. வியாழன்.

கேஸ் வந்தது. மாத்திரை வாங்கினேன்.

போனில் மல்காஜ்கிரி பெரியவர் மறுபடி. பாங்க் முகவரியைத் தப்பாக டைப் பண்ணினால் ஏதோ கடன் விளம்பரம் வருகிறதாம். தாளை எடுத்தேன். ‘இது தங்கள்’ வரை வாசித்தேன். தாளைக் கவிழ்த்து வைத்தேன். அந்தப் பேஜே வராமலிருக்க, செட்டிங்ஸில் எங்கே போய் எங்கள் சர்வர் நம்பரை அழித்துவிட்டு வேறு எந்த நம்பரைப் போட வேண்டும் என்று நிதானமாகச் சொல்லிக் கொடுத்தேன். எழுதிக்கொண்டார், திரும்பப் படித்துக் காட்டினார். கால் ரெக்கார்ட் ஆகும் என்று தெரியும். ஆகட்டும்.

அதற்குப் பிறகு சர்ச்சில் வாங்கிய பதினாறு வீட்டுக்கும் இதையே சொல்ல நானே போன் பண்ண ஆரம்பித்தேன். பதினான்கு வீடு முடிந்தது. வெட்கமாக இருந்தது.

ஜூன் 18. வெள்ளி.

கதிர் லீவு. ஊருக்குப் போயிருக்கிறானாம். என்னிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு தரமும் சொல்லிவிட்டு, அல்வா வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் போவான்.

மேனேஜரே நோட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். நல்ல மூடில் இருந்தார். இது இல்லாவிட்டால் இந்தத் திட்டமே இல்லை என்று என்னைப் பாராட்டினார். அதோடு விட்டிருக்கலாம். இதில் உள்ள தமிழ் தனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது, கதிர்தான் இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு குறிப்பையும் இங்கிலீஷில் சொன்னான், எது விளம்பரக்காரர்களுக்கு முக்கியம் என்று கோடு போட்டுக் கொடுத்ததும் அவன்தான், கெட்டிக்காரப் பையன், என்றார்.

ஆபீஸில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நானும் அவனும். இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். திங்கட்கிழமை அந்தக் கண்ணீரைப் பார்த்தபோது தோன்றவில்லை.

பாத்ரூமில் போய் நோட்டைத் திறந்தேன். சிவப்பு மைக் கோடுகள். ஸ்கேல் வைத்துப் போட்டது, அவன் எதையும் நேராகத்தான் போடுவான். பரீட்சை ரிசல்ட், ரயில் டிக்கெட், பாஸ்போர்ட். நர்ஸ் வேலை பக்கத்தில் நான் எழுதியது:

‘இந்தப் பெண்கள் டியூட்டி முடிந்து கடைசி நாளில்தான் உட்காருகிறார்கள். அவசரம். என்ன வந்தாலும் அழுத்திவிடுகிறார்கள். பாவம், இவர்களுக்கு முதல் வரியிலேயே சரியான முகவரி காட்டணும்.’

‘கடைசி நாளில்’ கீழே ஒரு கோடு. ‘என்ன வந்தாலும் அழுத்திவிடுகிறார்கள்’ கீழே இரண்டு கோடு. அடுத்த வாக்கியத்தின் கீழே ஒன்றுமில்லை.

என் கஞ்சியைக் குடித்தவன். துரோகி என்று எழுதிப் பார்க்கிறேன். எழுதியும் ஆத்திரம் அடங்கவில்லை.

ஜூன் 19. சனி.

மழை விட்டு வெயில். துணியெல்லாம் மாடியில்.

அனிதா வந்தாள், மீன் குழம்புப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க. நைட் டியூட்டி முடித்து நேராக வந்திருக்கிறாள். நோட்டு மேஜையில் கிடந்தது, நான்தான் உள்ளே வைக்கவில்லை. புரட்டினாள். அவளுக்குத் தமிழ் பேச்சு மட்டும்தான், படித்ததெல்லாம் தெலுங்கு மீடியம். சிவப்புக் கோட்டில் விரலை வைத்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள்.

ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கலாம். படித்துக் காட்டினேன். கோடு போட்டது, போடாதது, இரண்டையும். கோடு போட்டவன் யார் என்பதையும் சொன்னேன். கதிரைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன், அவளுக்கும் அவனைத் தெரியும்.

எப்போது எழுதியது இது என்று கேட்டாள். நாலு வருஷம் முன்னால் என்றேன்.

நோட்டை மூடினாள். “அன்னிக்கு நான் போன் பண்ணப்போ, இது உனக்கு ஞாபகம் வரலையாக்கா?”

வரவில்லை. மூன்று கால் காத்திருந்தது.