நான் குடிக்காத தொட்டித் தண்ணி

1993, ஐப்பசி 3
நேத்து நல்ல மழை. ஊருணி முழுக்க கரிசக் கலங்கல், சருகு. காலையில தொட்டிக்கு ஏத்தி பிளீச்சிங் பவுடர் கரச்சு ஊத்தினேன். எங்க வீட்டுக்காரவுக பாத்த வேலை. அவுக தவறிப்போன பெறகு பஞ்சாயத்துல பாவம் பாத்து எனக்குக் குடுத்தது.

கொழாயடியில ராசாத்தி, "என்னக்கா, ஆஸ்பத்திரியையே கரச்சு ஊத்திட்டியா?" எல்லாரும் சிரிச்சாக. நானும்.

எங்க வீட்டுக் குடத்துல தோட்டத்துக் கெணத்துத் தண்ணி. சுத்துப் பாதையில, யாரும் பாக்காம மூடிக் கொண்டாந்தது. ஊருக்கு ஊத்துறேன். நான் குடிக்கல.

ஐப்பசி 5
மூட்டம். மண்ணெண்ண, சோப்பு வாங்கணும்.
அவுக தங்கச்சி எஸ்தர் பாலவனத்தத்துலருந்து வந்தா. குடத்துல மோந்து குடிச்சவ நிமிந்து பாத்தா.
"என்ன மதினி, மருந்து வாடையே இல்ல?"
குடத்த மூடி வச்சேன்.
"அண்ணனுக்கு மூத்திரப்பையில கட்டி வந்தது இந்த மருந்தாலன்னு நெனக்கிறியா?"
"தெரியல."
"தெரியாமத்தான் ஊருக்கு ஊத்துறியாக்கும்."
சோறு திங்காம பஸ்ஸுக்குப் போயிட்டா. ஆக்குன சோறு அப்படியே.

ஐப்பசி 6
அருப்புக்கோட்டை. டாக்டரம்மாட்ட தலையக் குனிஞ்சுக்கிட்டே கேட்டேன். சருகு அழுகுன கலங்கத் தண்ணியில பிளீச்சிங் போட்டா ரெண்டும் சேந்து வேற ஏதோ உண்டாகுதாம். வருசக்கணக்கா குடிச்சா கெடுதலோன்னு சந்தேகமாம். "ஒங்க வீட்டுக்காரருக்கு அதாலன்னு சொல்ல முடியாதும்மா. பீடி குடிப்பாரா?" குடிப்பாக. "மருந்த மட்டும் நிறுத்திராத. வாந்திபேதி ஊரையே தூக்கிரும். மொதல்ல தெளிய வச்சு, பெறகு போடு."
அவுக கலங்கல்லதான் போடுவாக. கலங்கக் கலங்க கூடப் போடுவாக. யாரும் சொல்லல.

ஐப்பசி 8
வெயில். பஞ்சாயத்துத் தலைவர்ட்ட, தண்ணி தெளிய வைக்கப் படிகாரம் கேட்டேன்.
"ஏத்தா, ஒன் புருசன் கேக்காதத நீ கேக்குற. டாக்டராயிட்டியா?"
பக்கத்துல இருந்தவுக சிரிச்சாக.
"நானே அந்தத் தண்ணி குடிக்கலீங்க"ன்னுட்டேன்.
சிரிப்பு நின்னுருச்சு. சேலைத் தலைப்பால மூஞ்சிய மூடிக்கிட்டேன்.
கடைசியில தலைவரு, "வாங்கிக்க"ன்னாரு.

ஐப்பசி 10
படிகாரம் போட்டு, தெளிஞ்ச தண்ணியத்தான் ஏத்தினேன். மருந்து கொஞ்சமே போதுமா இருந்துச்சு.
நான் குடிக்காதது ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. கொழாயடியில ஒருத்தரும் குடம் வைக்கல.
ராசாத்தி, "மொதல்ல நீ குடி அக்கா."
கையில ஏந்தினேன். வாய்கிட்ட கொண்டுபோகவும் மருந்து வாடை, அவுக சட்டை வாடை. வேல முடிச்சு வந்து பக்கத்துல ஒக்காந்தாப்புல. இதுக்கா இத்தன நாளும் மூஞ்சியத் திருப்புனேன்.
முழுங்கினேன். இன்னொரு கை ஏந்தினேன்.