தாலி கட்டும் நேரத்துக்கு எந்த லென்ஸ்

ஆகஸ்ட் 23, சனி

புழுக்கம். காலையில் ஒரு தூறல், அதற்கே கரண்ட் போய்விட்டது. கும்பகோணத்திலிருந்து லென்ஸ் இரண்டும் வந்தன, பத்து நாள் வாடகைக்கு. இரண்டுமே 70–200, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் நீள லென்ஸ். ஒன்று 2.8, இருட்டிலும் வெளிச்சத்தை நிறைய வாங்கும், பழசு, ஒன்றரைக் கிலோ, கை ஆட்டத்தைச் சமாளிக்கும் வசதி கிடையாது. மற்றது 4, பாதி எடை, அந்த வசதி உண்டு. இனி பெரியது பெ., சின்னது சி. வெள்ளிக்கிழமை நெடுங்காட்டுக் கல்யாணத்துக்குள் எதை வாங்குவது என்று முடிவாக வேண்டும்.

இவருக்குப் பெ. மேல்தான் கண். "மண்டபத்துல வெளிச்சம் எங்க இருக்கு? சின்னதுல எடுத்தா படம் பூரா புள்ளி புள்ளியா வரும்." வீடியோ எடுக்கிற புருஷனுக்கு என் போட்டோ மேல் எவ்வளவு அக்கறை!

வாங்க வேண்டியவை: மெமரி கார்டு, துடைக்கும் துணி, இட்லி அரிசி.

ஆகஸ்ட் 25, திங்கள்

கடற்கரை. நல்ல காற்று. அரசலாற்று முகத்துவாரத்தில் கட்டிக் கிடந்த படகுகளின் பெயர்களை எடுத்துப் பார்த்தேன். சி.: எழுத்து தெளிவு. பெ.: கலங்கல். இருபது படம், இருபதும். எந்தப் படுபாவி கீழே போட்டானோ. உள்ளுக்குள் சந்தோஷம்தான், இவரிடம் சொல்ல ஒரு காரணம் கிடைத்ததே.

சாயங்காலம் மாடிச் சுவர் மேல் பெ.வை வைத்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை எடுத்தேன். காக்கை எச்சம் வரை துல்லியம். அப்புறம் கையில் பிடித்து அதையே. கலங்கல்.

காற்று என்று எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

காற்றே இல்லை. இவரைக் கூப்பிட்டு பெ.வைக் கையில் கொடுத்தேன். அதே தொட்டி. பளிச்சென்று விழுந்தது. "கெட்டுப்போச்சுன்னியே, நல்லாத்தானே இருக்கு?"

"ம்."

வலது கை. சும்மா மடியில் கிடக்கும்போது கட்டைவிரல் தானாக ஆடுகிறது. எப்போதிலிருந்து? சித்திரைக் கல்யாணங்களில் இருந்ததா? காபி அதிகம். சரியான தூக்கமில்லை. ரத்தம் கம்மியாக இருக்கும். போனில் தேடக் கூடாது. தேடினேன். மூடிவிட்டேன்.

பயமாக இருக்கிறது. நாற்பத்தாறு வயது. பதினெட்டு வருடமாக இந்தக் கையை வைத்துத்தான் பிழைப்பு. இது போனால் நான் யார்?

முடிவு: சி. "தோள் வலிக்குதுங்க, பெருசைத் தூக்க முடியல" என்றேன். இவர் வாதாடவில்லை. அதுதான் எங்கேயோ உதைக்கிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கல்யாணம். வழக்கமாக மேடையில் பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்பேன். இன்று அங்கே நின்றால் கையை எல்லோரும் பார்ப்பார்கள். நீள லென்ஸ்தான் இருக்கிறதே என்று மண்டபத்தின் பின்னால் போய்த் தூணில் சாய்ந்துகொண்டேன். பெண் தலை குனிகிறாள், மாப்பிள்ளை கையில் தாலி, எல்லாம் அழகாகத் தெரிந்தது. "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்றார் ஐயர்.

மண்டபமே எழுந்து நின்றது. அட்சதை போட அத்தனை கையும் மேலே. எனக்குக் கிடைத்தது ஒரு பெரியவரின் அக்குளும் கொஞ்சம் மஞ்சள் அரிசியும்.

எத்தனை கெட்டிமேளம் பார்த்தவள், எழுந்து நிற்பார்கள் என்று தெரியாதா எனக்கு? பயம் மூளையையும் தின்றுவிட்டது.

பந்தியில் பெண்ணின் அம்மா: "கலாக்கா, தாலி கட்டுனத மட்டும் மொதல்ல போன்ல அனுப்பிடுங்க. சிங்கப்பூர்லேர்ந்து தம்பி கேட்டுக்கிட்டே இருக்கான்."

"அனுப்புறேம்மா." பாயசத்தை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

நான் வாய் திறக்குமுன் இவர் தன் வீடியோவிலிருந்து தாலி கட்டும் காட்சியைப் படமாகப் பிரித்து அந்த அம்மாவுக்கு அனுப்பியிருந்தார். அப்புறம் என் எதிரில் உட்கார்ந்தார்.

"வைகாசிலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். டம்ளர எடது கையால எடுக்குற."

"தெரிஞ்சும் ஏன் பெருசையே வாங்கலாம்னீங்க?"

"முடியாதுன்னு சொல்றப்பவாவது காரணத்தைச் சொல்லுவேன்னு பாத்தேன். தோள் வலின்னுட்ட."

அழுதேன். கோபமும் வந்தது. இரண்டும் சேர்ந்து அரிசி ஊறப்போட மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 1, திங்கள்

தஞ்சாவூர், நரம்பு டாக்டர். லென்ஸ் இரண்டையும் போகிற வழியில் கும்பகோணத்தில் திருப்பிக் கொடுத்தாயிற்று. இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். விரலைத் தட்டச் சொன்னார். நடக்கச் சொன்னார். வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதச் சொன்னார். எழுதினதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கையெழுத்து எப்பவுமே இவ்வளவு பொடிசாம்மா? பழசா ஏதாவது எழுதுனது இருந்தா ஒப்பிட்டுப் பாக்கலாம்."

இல்லை என்று நான் சொல்லுமுன் இவர், "டைரி எழுதுவா டாக்டர்."

வியாழக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டைப் புரட்டி ஜனவரியை எடுத்தேன். பொங்கலன்று ஒரு நாளைக்கே ஒரு பக்கம் போதவில்லை, எழுத்து ஒவ்வொன்றும் கோட்டை முட்டிக்கொண்டு நிற்கிறது. லென்ஸ் வந்த சனிக்கிழமையிலிருந்து எழுதிய அத்தனையும் ஒன்றரைப் பக்கத்தில் அடங்கிவிட்டது. கீழே இன்னும் இடம் இருக்கிறது.