வேங்கிக்காலில் புகைந்து நின்ற சிவப்புக் கார்

வேங்கிக்கால், திருவண்ணாமலை

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உம்மாவின் முட்டுவலி தேவலையா?

நேற்று பெங்களூரிலிருந்து மலை சுற்ற வந்தவரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் சூடேறி, எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் புகைந்து நின்றது. அவர் பதற்றத்தில் ரேடியேட்டர் மூடியைப் பாதி திருகிவிட்டார். நான் பாய்ந்து அவரைத் தள்ளிவிட்டேன். கொதிநீர் என் முன்கையில் தெறித்தது. சின்னக் கொப்புளம்தான், மருந்து போட்டுக் கட்டியிருக்கிறேன்.

"இன்ஜினே போச்சாப்பா?" என்றார்.

ஆறவிட்டுப் பார்த்தேன். வாட்டர் பம்ப்தான் கெட்டிருந்தது. மாற்றினால் போதும் என்றதும் என்னைக் கட்டிக்கொண்டார்.

"இனிமே இந்த மாதிரி வண்டி வந்தா நீயே பாத்துக்கப்பா" என்றார் முதலாளி வேடியப்பன். மனசு நிறைந்துவிட்டது.

வீடியோ காலில் வந்தால் உம்மா கைக்கட்டைப் பார்த்துவிடுவார்கள். அதனால்தான் கடிதம். என் முழுக்கைச் சட்டைகளைத் தென்காசியிலிருந்து பார்சலில் அனுப்புங்கள், போட்டுக்கொண்டு பேசுகிறேன். எதற்கென்று சொல்லாமல், சட்டைகளை உம்மாவையே மடித்துவைக்கச் சொல்லுங்கள்; அவர்கள் கை பட்டதைப் போட்டுக்கொண்டால் வலி தெரியாது.

முதலாளி கூப்பிடுகிறார்.

உங்கள் மகன்,
சுஹைல்