ஃபிரிட்ஜ் கதவில் பதினேழு தாள்கள்

மார்ச் 2

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவு இன்று காலை ஏழு மணி முதல் ஆங்கிலப் பல்கலைக்கழகமாகத் தரம் உயர்த்தப்பட்டுள்ளது. துணைவேந்தர்: நான். மாணவி: அக்கா. அம்மா வேடிக்கை பார்க்கலாம்.

விஷயம் இதுதான். அக்கா ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில் துணி துவைக்கும் பிரிவில் வேலை செய்கிறாள். மேலே வரவேற்பு மேசையில் ஓர் இடம் காலி. மேலாளரே விருந்தாளி மாதிரி வந்து நின்று இங்கிலீஷில் பேசிப் பார்ப்பாராம். நேரான இங்கிலீஷ் அவளுக்கு வரும். சுற்றி வளைத்துப் பேசினால்தான் முழிக்கிறாள். அதனால் தினம் ஒரு சொற்றொடரை, பொருளோடு, நான் எழுதி ஒட்ட வேண்டும். கூலி: என் பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி.

சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறாள். என் வகுப்பில் என்னை விட்டால் யார்? போன பரீட்சையில் ‘கால் இட் எ டே’வுக்கு ஆங்கில வாத்தியார் எனக்கு முட்டை போட்டது சுத்தப் பொறாமை.

முதல் தாள்: ‘பீஸ் ஆஃப் கேக்’ – ரொம்பச் சுலபமான வேலை.

மார்ச் 5

கை அரிக்கிறது. எத்தனை நாள்தான் உண்மையையே ஒட்டுவது?

இன்றைய தாள்: ‘ஹிட் த சாக்’ – விருந்தாளியின் காலுறையை அடித்துத் துவைக்கவும். தூங்கப் போவது என்பதுதான் நிஜம். ஆனால் அக்கா பல் துலக்கியபடியே படித்து, வாய் நுரையோடு, “அட, நம்ம பிரிவுக்கே ஒண்ணு இருக்கா!” என்றாள். மொட்டை மாடிக்கு ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 9

மூன்றாவது பொய்யும் போணியாகிவிட்டது! ‘கோல்ட் ஃபீட்’ (நிஜத்தில் கடைசி நேரப் பயம்) என்றால் அறையில் ஹீட்டர் ஓடவில்லை. அம்மாகூட மனப்பாடம் செய்கிறாள். நான் பிறவி மேதை.

மார்ச் 13

அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள்: “கீழ எங்களுக்கு ஜன்னலே கிடையாதுடா. ஷூ துடைச்ச சேத்துத் துண்டு வந்தா, ஓ, வெளிய மழைன்னு தெரிஞ்சுக்குவோம். நாலு வருஷம். மேல போயிட்டேன்னா மழையை நேரா பார்க்கலாம்.”

ஒரு மாதிரி இருந்தது. பரவாயில்லை – தேர்வு 28ஆம் தேதிதானே? 27 அன்று காலையில் பொய்களையெல்லாம் உடைத்துவிடுவேன். என்ன ஒரு காட்சியாக இருக்கும்! இன்னும் இரண்டு பொய்க்கு இடமிருக்கிறது.

மார்ச் 18

பள்ளியிலிருந்து வந்தால் அக்கா வாசலிலேயே குதிக்கிறாள். “டேய் வாலு! தேர்வை முன்னாடி தள்ளிட்டாங்க. நாளைக்குக் காலைல ஒம்பது மணி!”

சொல்லாமல் விடலாமா? ஐயோ, காலுறையைத் துவைக்கிறேன் என்று மேலாளரிடமே சொல்லிவிடுவாளே! சொல்லிவிட்டேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. “எத்தனை பொய்?”

“அஞ்சுதான்க்கா.”

“உன் கணக்கை நான் நம்பணுமாக்கும்? கழட்டு எல்லாத்தையும்.”

பதினேழு தாள்களோடு தெருமுனை நூலகத்துக்கு ஓடினோம். மூட இன்னும் ஒரு மணி நேரமே இருந்தது. அக்கா அகராதியில் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இடது பக்கம் சரி, வலது பக்கம் தப்பு. வலது பக்கம் ஐந்தானது. ஆறானது. ஏழு. எட்டு!

“அஞ்சுன்னு சொன்னே?”

நான் கூரையில் சுற்றும் விசிறியைப் பார்த்தேன். அந்த மூன்றும் நான் மனதார நம்பி எழுதியவை.

மார்ச் 19

வந்துவிட்டாள்! அக்கா மேலே போகிறாள்! ஒன்றாம் தேதி முதல் வரவேற்பு மேசை!

“கதவுல ஒட்டின ஒண்ணைக்கூட அவர் கேக்கலைடா. ‘பால்பார்க் ஃபிகர்’னு என்னமோ கேட்டார். நேத்து உன் லட்சணத்தைப் பார்த்தேனா, குருட்டாம்போக்குல அடிச்சுவிட பயமா இருந்துச்சு. மன்னிக்கணும் சார், அது எனக்குத் தெரியாது, என்னன்னு சொல்லுங்கன்னுட்டேன். உத்தேசமா எவ்வளவு ஆகும்னு கேக்கறதாம். சொல்லிட்டு ஒரே சிரிப்பு. முன்னாடி வந்த ரெண்டு பேரும் தெரிஞ்ச மாதிரி தலையாட்டி, ‘பால்பார்க்’னா மைதானம்தானேன்னு அவரை விளையாட்டு மைதானத்துக்கு வழி காட்டி அனுப்பிட்டாங்களாம்!”

அம்மா விசிலடித்தாள். எங்கள் அம்மா!

மார்ச் 23

ஃபிரிட்ஜ் கதவில் புதிய தாள், அக்காவின் கையெழுத்தில். ‘கால் இட் எ டே’ – இன்றைக்கு இது போதும், வேலையை முடித்துக்கொள்வோம்.

வலது பக்கத்தின் எட்டாவது தாள் அதுதான். ‘பகலில் மட்டும் கூப்பிடவும்’ என்று எழுதியிருந்தேன். பரீட்சையிலும் அதையேதான் எழுதினேன்.

ஆங்கில வாத்தியாருக்குப் பொறாமையெல்லாம் ஒன்றுமில்லை. அது நானே போட்ட முட்டை.

சட்டைக்கும் இன்று நானே இஸ்திரி போட்டேன். காலர் கருகிவிட்டது.