கிட்டங்கிச் சுவருக்கு வெள்ளை அடிக்க அனுமதி கோரல்

அனுப்புநர்:
திருமதி உதயகலா சிவகரன்,
கடற்கரை வீதி, சங்குத்துறை,
யாழ்ப்பாணம்.

பெறுநர்:
பொறுப்பதிகாரி,
துறைமுக நகர் மரபுரிமைத் திட்டம்.

பொருள்: பழைய கிட்டங்கியின் கடற்பக்கச் சுவரை மீண்டும் வெள்ளையாக்குதல்

மதிப்புக்குரிய ஐயா,

1. எங்கள் பழைய துறைமுகத்தைப் பாதுகாக்கத் தாங்கள் முன்வந்ததற்கு முதலில் நன்றி. வெளிநாட்டார் வந்து படம் எடுக்கிறார்கள், எங்களுக்கும் பெருமைதான். ஆனால் ஒல்லாந்தர் பண்டசாலையாக வைத்திருந்த கிட்டங்கிக்கு "ஆதி நிறம்" என்று மண் நிறம் பூசப்பட்டுள்ளது. பிழை அங்கேதான்.

2. கடலில் இருந்து பார்க்கும்போது அந்த வெள்ளைச் சுவரும் அதன் பின்னால் தெரியும் அம்மன் கோவில் கோபுரமும் நேர்கோட்டில் வந்தால்தான் கல்லில் அடிபடாமல் படகைக் கரைசேர்க்கலாம். ஆகவே வாடைக்காற்று தொடங்குமுன் வருடாவருடம் கரைப் பெண்கள் நாங்கள் கூடிச் சுண்ணாம்பு அடிப்போம். அன்று சமையல் ஆண்களுடையது. கறியில் உப்பு இருக்காது, அது வேறு கதை. இம்முறை வாளியோடு போனபோது காவலாளி அறிவித்தல் பலகையைக் காட்டி, "அக்கா, தொட்டால் வழக்குத்தான்" என்றார். ஜி.பி.எஸ். இல்லையா என்று தங்கள் அலுவலர் ஒருவர் கேட்டார். இருக்கிறது ஐயா. அலையடிக்கும் இடத்தில் அதைப் பார்க்க ஒருவருக்கும் கை ஒழியாது.

3. போன செவ்வாய் விடியற்காலை என் கணவரின் படகு கல்லில் ஏறிவிட்டது. கூடப்போன றஜிந்தன் கால் முறிந்து ஆசுபத்திரியில் கிடக்கிறார். கணவர் நனைந்தபடி வந்து வாசலில் நின்றார். "சுவரைக் காணேல்லை கலா. ஊரையே ஆரோ தூக்கிக்கொண்டு போனமாதிரிக் கிடந்துது" என்றார். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உலையை வைத்துவிட்டுக் கடற்கரைக்கு ஓடுகிறேன். சோறு குழைந்துபோகிறது, பிள்ளைகள் முறைக்கிறார்கள். பயமாக இருக்கிறது ஐயா, வேறொன்றுமில்லை.

4. தங்கள் அலுவலகத்துக்கு இரண்டு தடவை வந்தேன். "கொழும்பிலை இருந்து பதில் வரவேணும்" என்றார்கள். காற்று கொழும்பைக் கேட்டு வீசுவதில்லை.

5. படகு திருத்தியாயிற்று. வரும் சனிக்கிழமை அவர் மறுபடி கடலுக்குப் போகிறார். மறித்துப் பார்த்தேன், கேட்கிறார் இல்லை. ஆகையால் வெள்ளிக்கிழமைக்குள் அனுமதி தரும்படி மிகத் தாழ்மையுடன் வேண்டுகிறேன். தராவிட்டாலும் வெள்ளி பின்னேரம் நான் ஏணியில் நிற்பேன். பொலிசை அனுப்புவதென்றால், தயவுசெய்து சுவர் முழுதும் வெள்ளையான பிறகு அனுப்புங்கள்.

தங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
உதயகலா சிவகரன்

இடம்: சங்குத்துறை
திகதி: 13.10.2025