மூன்றாவது ஆளும் மேல்தட்டுப் பல்லியும்

2 ஜூலை, செவ்வாய்

மத்தியானம் என் அடுக்களையில் இருந்தவர்கள்: நான். கொழுந்தன் மகன் பேச்சிராஜா. மாட்டுங்காவிலிருந்து ஷ்ருதி, பாங்கில் வேலை பார்க்கிற பெண். மாஹிமிலிருந்து சைஃப், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர். பயறு டப்பாவுக்குப் பின்னால், மேல்தட்டில், பல்லி. வேறு யாரும் இல்லை.

மும்பையில், எங்கள் செம்பூர் வீட்டு மாடி அறையை 'கிராமத்து விடுதி' என்று பேச்சிராஜா போனில் ஒரு புக்கிங் ஆப்பில் போட்டிருக்கிறான். அறை வாடகைக்கு என்றுதான் நான் நினைத்தேன். வந்தவர்கள் அறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மத்தியான அடுக்களைதான் வேண்டுமாம். பேசாமல் உட்கார்ந்து உள்ளி (இவர்கள் பேச்சில் வெங்காயம்) உரிக்க வேண்டுமாம். அதற்குப் பணம் கட்டியிருக்கிறார்கள்!

"என் வேலையச் செய்ய அவங்க ஏம்ல துட்டு குடுக்காங்க?"

"மனசு லேசாகும் பெரியம்ம. ஆபீஸ்ல அவ்வளவு டென்ஷன்."

எனக்கு இத்தனை வருசம் உரித்தும் லேசாகவில்லையே?

இன்றைய கணக்கு: உரித்த உள்ளி ஒன்றரைக் கிலோ. அழுதவர்கள் இருவர். சைஃப் உள்ளி தீர்ந்த பிறகும் அழுதார்.

4 ஜூலை, வியாழன்

கிராமத்தில் மிக்ஸி கிடையாது என்று என் பழைய பட்டுச்சேலையால் அதை மூடச் சொன்னான் பேச்சிராஜா. வந்தவர்கள் சாமி என்று நினைத்துக் கும்பிட்டார்கள். 

9 ஜூலை, செவ்வாய்

ஷ்ருதி கேட்டாள், "ஆன்ட்டி, உங்க கிராமம் எது?"

"தாராவி" என்றேன். பேச்சிராஜா என்னை முறைத்தான். பொய்யா சொன்னேன்? அங்கேதான் பிறந்தேன், அங்கேதான் கடைப்பெயர்களைப் பார்த்துப் பார்த்துத் தமிழ் எழுத்துப் படித்தேன். இப்போது அவன் வாங்கிவந்த அம்மியில் இவர்களுக்கு அரைத்துக் காட்ட வேண்டுமாம். எந்தப் பக்கம் உட்காருவது என்று எனக்கே தெரியவில்லை. சைஃப் போனில் பார்த்துச் சொல்லிக்கொடுத்தார்.

எங்கிருந்தோ மாடு கத்துகிறது. இந்தப் பக்கத்து மாட்டுக்கொட்டகையெல்லாம் போய்ப் பல வருசம் ஆயிற்றே?

பேசக் கூடாது என்பதால் டி.வி.யும் கூடாது. என் வீட்டுக்காரர் குடையை எடுத்துக்கொண்டு மழையில் வெளியே போய்விடுகிறார். மார்ச் மாதம் லேத் பட்டறையிலிருந்து நின்றவருக்குப் போகவும் இடம் இல்லை.

எனக்கும்தான் இடம் போயிற்று. மதியச் சாப்பாட்டுக்கும் சாயங்கால டீக்கும் நடுவில் உள்ள நேரம் ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. அப்போதுதான் அம்மனிடம் வாய்விட்டுக் கேட்பேன். நான் சொல்லும்போது பல்லி சத்தம் கொடுத்தால் சரி என்று அர்த்தம். தரையில் மூன்று தட்டுத் தட்டுவேன். கொடுக்காவிட்டால் அந்தக் காரியத்தில் இறங்க மாட்டேன். மகள் செல்வியின் கல்யாணம், இந்த வீடு, எல்லாம் அப்படித்தான். இப்போது நாலு பேர் நடுவில் எப்படிக் கேட்பது?

12 ஜூலை, வெள்ளி

அந்தப் புக்கிங் ஆப் கம்பெனிக்காரர்கள் ஒரு வருசத்துக்கு ஒப்பந்தம் போடக் கேட்கிறார்களாம். ஒரு நாள் விடாமல் எல்லா மத்தியானமும். ஒப்புக்கொண்டால் பேச்சிராஜா கூரியர் வேலையை விட்டுவிடலாம் என்கிறான். ஒரு வருசம்! என் மத்தியானம் முழுக்கப் போய்விடும். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"நல்லபடியா நடக்கும் பெரியம்ம, பாருங்க."

மேல்தட்டில் பல்லி சொல்லிவிட்டது. தெளிவாக. என் விரல் தானாகத் தரையைத் தட்டியது. ஷ்ருதியும் சைஃபும் இதுவும் பயிற்சி என்று நினைத்துத் தட்டினார்கள்.

சரி என்றேன். மாசக் கடைசி வெள்ளியன்று கையெழுத்து. தாயே, நீயே சொன்ன பிறகு நான் யார்?

16 ஜூலை, செவ்வாய்

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

வருகிறவர்களைப் பெயர் சொல்லி வரவேற்க வேண்டும் என்பது பேச்சிராஜாவின் சட்டம். சீட்டைப் பார்த்து, "வாங்க ஷ்ருதி, வாங்க சைஃப்" என்றேன். மூன்றாவது பெயர்: பூதத்தான், வயது அறுபத்தொன்று, செம்பூர்.

நிமிர்ந்தால், வாசற்படியில் இவர். இஸ்திரி போட்ட சட்டை. கை கழுவி, காலும் கழுவியிருந்தார்.

நான் எப்படி வீட்டுக்காரர் பெயரைச் சொல்வேன்? "வாங்க... மூணாவது ஆளு" என்றேன்.

"இங்க என்ன செய்யுதீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"புக்கிங் இருக்கு ஏளா. வெளிய மழ."

எங்கள் கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுசன் அடுக்களைக்குள் உட்கார்ந்ததில்லை. தட்டு வெளியே போகும், காலியாகி உள்ளே வரும். இன்று சம்மணம் போட்டு உட்கார்ந்து உள்ளி உரித்தார். தோலோடு பாதி உள்ளியும் போய்விட்டது.

ஷ்ருதி என் காதில் சொன்னாள், "அந்த அங்கிள் எவ்ளோ ஆழமா உரிக்கறார் பாத்தேளா?"

17 ஜூலை, புதன்

இன்றும் வந்தார். பெயர் சொல்லாததற்குப் போனில் ஒரு நட்சத்திரம் குறைப்பேன் என்று மிரட்டுகிறார்.

19 ஜூலை, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. கூழுக்குத் தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை. நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து உருவினோம். மழைச் சத்தம். மாடு கத்தியது. மூன்று மணிக்குச் சேவல் கூவியது. மும்பையில் சேவலுக்கும் ஷிப்ட் போலிருக்கிறது.

என் டீ ஆறிப்போனதைப் பார்த்து மூன்றாவது ஆள் எழுந்து போய்ச் சூடுபண்ணிக் கொண்டுவந்து வைத்தார். பேசக் கூடாதே, டீயைக் குடித்தேன். அடுப்பு அவருக்கு எப்படிப் பற்றவைக்கத் தெரிந்தது?

கணக்கு: கீரை ஆறு கட்டு. காம்பு நீளமாக விட்டவர் ஒருவர். அழுதவர் யாரும் இல்லை.

21 ஜூலை, ஞாயிறு

அம்மா தாயே!

யாரும் வருவதற்கு முன்னால் தனியாக நின்று கேட்டேன். "ஒரு வருசமும் நான் தாங்குவனா தாயே?"

மேல்தட்டிலிருந்து ஒரு பெண்குரல் சொன்னது: "பேட்டரி லோ."

நான் அப்படியே கீழே விழுந்து கும்பிட்டேன். அம்மன் இங்கிலீஷில் பேசுகிறாளே! என் உடம்பைத்தான் சொல்கிறாள், எனக்குத் தெம்பு போய்விட்டது என்கிறாள் என்று நினைத்தேன். மறுபடியும் சொன்னாள். மூன்றாம் தடவை சந்தேகம் வந்தது. ஸ்டூல் போட்டு ஏறினேன். பயறு டப்பாவுக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு ஸ்பீக்கர்.

பேச்சிராஜா வந்ததும் பிடித்தேன். "என்னல இது?"

"கிராமத்துச் சத்தம் பெரியம்ம. மாடு, தவளை, சேவல், எல்லாம் ஒரே பாட்டுல வரும்."

"பல்லி?"

"அதுவும் உண்டு. ஏன்?"

ஏன் என்று கேட்கிறான்! அன்றைக்கு நான் இந்த ஸ்பீக்கர் டப்பாவுக்குத் தரையைத் தட்டியிருக்கிறேன். அதன் பேச்சைக் கேட்டு ஒரு வருசத்தைக் கொடுத்துவிட்டேன். உண்மைப் பல்லி எங்கே? சேவலுக்குப் பயந்து ஓடிவிட்டதா?

23 ஜூலை, செவ்வாய்

டப்பா சொன்னது செல்லாது, நிஜப் பல்லி சொல்லாமல் கையெழுத்து இல்லை என்று பேச்சிராஜாவிடம் சொல்லிவிட்டேன். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவன் கம்பெனிக்கு, 'இன்னொரு பங்குதாரரின் சம்மதம் வர வேண்டும்' என்று எழுதினானாம். பங்குதாரர் கையெழுத்துக்கும் இடம் விட்டு, படம் ஒட்டக் கட்டம் போட்டு, புதுக் காகிதம் வந்திருக்கிறது.

26 ஜூலை, வெள்ளி

கையெழுத்துக்குக் கடைசி நாள். அடுக்களையில் ஆளுக்கு ஒரு தட்டு வைத்துக்கொண்டு எல்லாரும் மேல்தட்டையே பார்த்திருந்தோம். கம்பெனிக்காரர் போனில் காத்திருந்தார். சைஃப் மூச்சுக்கூட விடவில்லை. பல்லி சொல்லவில்லை.

பேச்சிராஜா கெஞ்சினான், "பெரியம்ம, அது தூங்குதோ என்னமோ!"

"முழிச்சிருக்கிற நான் சொல்லுதேன். வேண்டாம்ல."

இதுவரை எதையும் நானாகச் சொன்னதில்லை. சொன்னதும் தரை பிளக்கவில்லை. பேச்சிராஜா முகம் சுருங்கியது. மாடி அறையை நீயே அடுக்களை ஆக்கிக்கொள், அம்மியையும் சாமி மிக்ஸியையும் எடுத்துக்கொள் என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றான். சேவலையும் கொண்டுபோனான்.

எல்லாரும் போன பிறகு மூன்றாவது ஆள் தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, குடை எங்கே என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. விடுதியை மூடினால் இவருடைய புக்கிங்கும் போயிற்றே!

அதை நான் நினைக்கவில்லையே. ஏன் நினைக்கவில்லை?

29 ஜூலை, திங்கள்

மத்தியானம் அடுக்களையில் இருந்தவர்: நான்.

நான் கேட்ட தனிமை வந்துவிட்டது. உள்ளி அரைக் கிலோ, ஒற்றை ஆளாக. மேலே மாடியில் மாடு கத்துகிறது, பேச்சிராஜாவுக்கு இன்று ஐந்து பேராம். இவர் முன்அறையில் டி.வி. போடவில்லை. குடையும் எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாசற்படியில் நிழல். கை கழுவியிருந்தார்.

"இன்னைக்கு இடம் இருக்கா?"

வாயில் வந்துவிட்டது: "வாங்க பூதத்தான்."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்த சிரிப்பில் உள்ளித் தோல் எல்லாம் பறந்தது. உட்கார்ந்து உரித்தார். இன்று பாதிக்கு மேல் மிஞ்சியது.

கணக்கு: இருந்தவர்கள் இருவர் என்று மேலே திருத்த வேண்டும். அழுதவர் ஒருவர், உள்ளியால்தான்.

இதை எழுதும்போது பார்க்கிறேன், பயறு டப்பாவுக்குப் பின்னால் ஒரு வால். நிஜ வால். இருக்கிறாயா நீ! கம்பெனிக்கு உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளைக்கும் அவர் வருவாரா? சீக்கிரம் சொல்லு. சுண்டலுக்குப் பயறு ஊறப்போடணும், ஒரு ஆளுக்கா ரெண்டு ஆளுக்கா?