பட்டினி போட்டால் எண்ணெய் வைக்கும் பயிர்

மயிலாவுக்கு அண்ணனாகவும் எனக்கு அதைவிட மேலாகவும் இருந்த மச்சானுக்கு,

பாசித் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாயிற்று. இது வேறு யார் வாயாலும் உங்களுக்குத் தெரியவேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். திறந்தது நானில்லை, உங்கள் தங்கச்சி.

வேலந்தாவளத்தில் வெயில் அப்படியேதான் இருக்கிறது. போர்வெல் தண்ணீர் இன்னும் உப்பேறிவிட்டது. மிச்சமிருந்த தென்னைகளில் மேற்கு வரிசை மட்டை தொங்கி நிற்கிறது. கஞ்சிக்கோட்டுக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு நீங்கள் வந்து நின்ற அன்றைக்கும் தோட்டம் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. "வெயிலுக்கும் உப்புத் தண்ணிக்கும் நம்மூர்ல பஞ்சமில்லீங்க மாப்ளை. அது ரெண்டையும் தின்னுபோட்டு எண்ணெய் வெக்கற பயிர் ஒண்ணு இருக்குது" என்றீர்கள். பாசி என்றதும் நான் சிரித்தேன். கிணற்றுப் படியில் வழுக்குவதற்குப் பயிர் என்று பேரா?

நீங்கள் சிரிக்கவில்லை. காய்ந்த தென்னைகளை எடுத்த இடத்தில் நீள்வட்டமாகத் தொட்டி வெட்டி, கறுப்புத் தார்ப்பாய் விரித்து, தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கத் துடுப்புச் சக்கரம் வைத்தீர்கள். கோயமுத்தூரில் ஒருவரிடம் வாங்கிவந்த விதைப் பாசியைப் பெருக்கிப் பெருக்கி, கடைசியில் தொட்டி முழுக்கப் பச்சையாக்கினீர்கள். கையை விட்டால் மணிக்கட்டுக்குக் கீழே விரல் தெரியாது.

அதன் குணம் நமக்குப் போகப்போகத்தான் தெரிந்தது. யூரியா போட்டு வளர்த்தால் மளமளவென்று பெருகும், எண்ணெய் இருக்காது. யூரியாவை நிறுத்திப் பட்டினி போட்டால் கொழுப்பு சேர்க்கும், வளராது. அப்படிச் சோர்ந்து நிற்கிற நாட்களில்தான் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் வந்து மேய்ந்துவிடும். எத்தனை முறை அந்தத் தொட்டியைக் கழுவினோம், மச்சான்?

ஒரே ஒரு முறை எண்ணெய் வந்தது. பாசியை வடிகட்டி, காயவைத்து, கோயமுத்தூருக்குக் கொண்டுபோய்ப் பிரித்து எடுத்துவந்தோம். கரும்பச்சையாக, மீன் வாடையோடு இருந்தது. டீசலோடு கலந்து பழைய என்ஜினில் ஊற்றினீர்கள். ஒரு பீடி பிடித்து முடிக்கிற நேரம்கூட ஓடவில்லை. ஆனாலும் ஓடிய சந்தோஷத்தில் நீங்கள் என் தோளைப் பிடித்துக் குலுக்கியதில் சட்டை கிழிந்தது. பாசியைக் காயவைக்கவும் எண்ணெயைப் பிரிக்கவும் நாம் எரித்தது கிடைத்த எண்ணெயைவிட அதிகம் என்று இருவருக்குமே தெரியும். அன்றைக்கு இருவருமே அதைச் சொல்லவில்லை.

அப்புறம் உங்கள் வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் கஞ்சிகூட இறங்காமல் கிடந்தபோதும் நீங்கள் கேட்டது ஒன்றுதான்.

"மாப்ளை, நெறம் எப்பிடி இருக்குதுங்க?"

நான் மறைக்கவில்லை. "பழுப்பாயிருச்சுங்க மச்சான்."

"வாசம்?"

"அழுகுன வாசமுங்க."

"கழுவிப்போட்டு மறுக்கா உடுங்க" என்றீர்கள்.

மயிலாவுக்குப் பொறுக்கவில்லை. "அது பட்டினி கெடந்தா எண்ணெய் வெக்குதுங்கறீங்க. நீங்க பட்டினி கெடந்து என்னத்தைங்கண்ணா வெச்சீங்க?" சண்டை போடுவதுபோலத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் அவள் கையை எடுத்து உங்கள் நெஞ்சில் வைத்துக்கொண்டீர்கள்.

உங்கள் கருமாதி முடிந்த கையோடு அவள் தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துக் கழுவினாள். சன்னலோரம் நீங்கள் பாட்டில்களில் வைத்திருந்த விதையில் பாதியை எடுத்துப் பெருக்கித் தொட்டியில் விட்டோம். பச்சை பிடித்தது. காலையில் எழுந்ததும் அடுப்பைக்கூடப் பார்க்காமல் அங்கேதான் போவாள். "அண்ணன் இன்னிக்கு நல்ல பச்சைங்க" என்று ஒருநாள் வாய்தவறிச் சொன்னாள். நான் திருத்தவில்லை.

கோடை மழை ஒன்று அடித்துப் பெய்தது. அதோடு தண்ணீர் வெளுத்தது. பூச்சி புகுந்தது. பச்சை போய்ப் பழுப்பு வந்தது. பாட்டில்களில் மிச்சம் வைத்திருந்த விதையும் சித்திரை வெக்கையில் வெளிறி அடியில் படிந்துபோனது. விதை கேட்டுக் கோயமுத்தூர்க்காரரைக் கூப்பிட்டேன். "எண்ணெய்க்குன்னு இப்ப ஆரும் வளர்த்தறதில்லீங்க. நானே உட்டுட்டனுங்க" என்றார்.

மயிலாவிடம் சொன்னேன். மறுநாள் காலை நான் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வருவதற்குள் அடைப்பைப் பிடுங்கியிருந்தாள். தொட்டியின் ஓரத்தில் சேலை நனைய உட்கார்ந்திருந்தாள். பக்கத்துத் தோட்டத்து நாச்சிமுத்து வேலியோரம் வந்து நின்றார்.

"ஏனுங்க, என்ற காட்டுக்குள்ள பழுப்பா தண்ணி வருதுங்க. சோளத்துக்கு ஏதாச்சும் ஆயிருமுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "ஒண்ணும் ஆவாதுங்கண்ணா. அதுல ஒண்ணுமே இல்லீங்க."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குமேல் கேட்க அவருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது.

இப்போது காலையில் எழுந்தால் எங்கே போவதென்று தெரியாமல் வாசலில் நிற்கிறாள். தோட்டத்தில் இனி என்ன வைப்பது என்று எனக்கும் தெரியவில்லை. எதை வைத்தாலும் அதே வெயில், அதே தண்ணீர்தானே?

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மச்சான். எல்லாம் சரியாகிவிடும் என்று உங்கள் தங்கச்சியிடம் நான் சொல்லமாட்டேன். அவள் வாசலில் நிற்கும்போது நானும் போய்ப் பக்கத்தில் நிற்பேன்.

உங்கள் தங்கச்சியைக் கட்டிய,
உங்கள் மாப்பிள்ளை
சின்னச்சாமி